பத்து வாரத்தில் தெரியாதது

பினாங்கின் பத்து காவான் தொழிற்பேட்டைக்குள் பயிற்சிக்கு வரும் மாணவர்களைப் பற்றிச் சென்ற இரு வாரங்களில் எழுதினேன். இந்த வாரம் அங்கே வராத மாணவர்களைப் பற்றி. பண்டார் காசியாவிலும் சிம்பாங் அம்பாட்டிலும் நிபோங் திபாலிலும் வளர்ந்து, பல்கலைக்கழகத்தில் நல்ல புள்ளிகள் எடுத்து, நீண்ட விடுமுறை வந்ததும் கோலாலம்பூருக்குப் பேருந்து ஏறி, ஏதாவதொரு நிர்வாக ஆலோசனை நிறுவனத்தில் பயிற்சிக்கு உட்காருகிறவர்கள் அவர்கள். மேல்நாட்டில் இதைக் கோடைக்காலப் பயிற்சி என்கிறார்கள். ஆண்டு முழுக்கக் கோடையாக இருக்கும் நம் நாட்டில் அது லத்திஹான் இண்டஸ்ட்ரி எனும் தொழிற்பயிற்சியின் ஒரு வகை. எண்ணிக்கையில் இவர்கள் சிலர்தாம். ஆனால் வகுப்பில் மற்றவர்கள் அண்ணாந்து பார்ப்பது இவர்களைத்தான். தொழிற்சாலையில் இடம் கிடைத்தவர் அதை ஒரு செய்தியாகக்கூடச் சொல்வதில்லை. ஆலோசனை நிறுவனத்தில் இடம் கிடைத்தவர் வீட்டில் அது ஊரைக் கூட்டிச் சொல்லும் சேதி. இந்த உயர்வு தாழ்வுக்கு எந்த அளவுக்கு ஆதாரம் இருக்கிறது? என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலோசனைப் பயிற்சியில் மாணவர் உழைப்பதும் உண்மை, கற்பதும் உண்மை. ஆனால் தாம் கற்றது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தப் பயிற்சியின் அமைப்பிலேயே இல்லை. அந்த வாய்ப்பை வெளியிலிருந்து யாராவது சேர்க்காதவரை, அதை முழுமையான தொழிற்பயிற்சி என்று பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்வது சரியாகாது.

அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் பார்ப்போம். பெரிய ஆலோசனை நிறுவனங்களில் பயிற்சிக் காலம் பொதுவாக எட்டு முதல் பத்து வாரம். உள்ளே நுழையவே ஒரு சோதனை உண்டு. ஒரு சிமெண்டு நிறுவனத்தின் லாபம் ஏன் குறைகிறது என்பது போன்ற சிக்கலைக் கொடுத்து, அரை மணி நேரத்தில் அதைப் பிரித்து மேயச் சொல்வார்கள். தேறியவரை ஒரு குழுவில் சேர்க்கிறார்கள். வாடிக்கையாளர் அனுப்பிய கணக்குகளை எக்செலில் சுத்தம் செய்வது, சந்தை நிலவரம் தேடுவது, போட்டி நிறுவனங்களை ஒப்பிடுவது, கண்டதை ஸ்லைடாக்குவது, மேலாளர் திருத்தியதை மறுபடியும் ஸ்லைடாக்குவது என்று நாள்கள் போகும். கடைசி வாரத்தில் மூத்தவர்கள் முன்னால் ஒரு விளக்கவுரை. பிறகு, படிப்பு முடிந்ததும் வேலைக்கு வரச் சொல்லும் கடிதம் அல்லது வெறும் கைகுலுக்கல். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. இத்தொழிலை நெடுங்காலம் ஆராய்ந்த டேவிட் மெய்ஸ்டர், 1993ல் வந்த தம் நூலில் அதைத் தெளிவாக எழுதினார். வேலையைப் பிடித்து வருகிறவர்கள் சிலர், அதை நடத்துகிறவர்கள் இன்னும் சிலர், அரைத்துத் தள்ளுகிறவர்கள் பலர். அடியில் இருப்பவருக்குக் கொடுக்கும் சம்பளத்துக்கும் அவர் பெயரில் வாடிக்கையாளரிடம் வாங்கும் கட்டணத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் உச்சியில் இருப்பவரின் லாபம் பிறக்கிறது. ஜேம்ஸ் மெக்கின்சி 1926ல் தொடங்கிய நிறுவனம் ஆரம்பத்தில் அனுபவசாலிகளைத்தான் வேலைக்கு எடுத்தது. மார்வின் பவர் தலைமையில் 1950களில் ஹார்வர்டில் படிப்பு முடித்த இளைஞர்களை நேரடியாக எடுக்கத் தொடங்கியது. தொழில் அனுபவம் இல்லாவிட்டாலும் பகுத்தாயும் மூளை போதும் என்ற நம்பிக்கை அப்போது வேர்விட்டது. இன்றைய பயிற்சி மாணவர் அந்த நம்பிக்கையின் கடைசிக் கொழுந்து.

அந்த நம்பிக்கையை முழுக்க ஒதுக்கிவிட முடியாது. குழம்பிய விஷயத்தைக் கூறுகூறாகப் பிரிப்பது, எந்த எண் முக்கியம் எது வெற்றுக்கூட்டம் என்று பார்ப்பது, நேரமில்லாத ஒருவருக்கு மூன்று வரியில் விளங்க வைப்பது எல்லாம் நம் பல்கலைக்கழக வகுப்பறைகளில் அபூர்வமாகவே சொல்லித் தரப்படுகின்றன. இருபத்தொரு வயதில் ஒரு மூத்த மேலாளரின் நேரடித் திருத்தம் கிடைப்பதும் சிறிய விஷயமில்லை. பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. மாணவர் செய்த பரிந்துரை நன்றாக இருந்ததா என்று அவருக்குச் சொல்வது யார்? மேலாளர்தான். எதை வைத்துச் சொல்கிறார்? ஸ்லைடு தெளிவாக இருந்ததா, வாதம் கோர்வையாக இருந்ததா, வாடிக்கையாளர் தலையசைத்தாரா என்பதை வைத்து. பரிந்துரையை நடைமுறைப்படுத்தியபோது என்ன ஆனது என்பது அந்த மதிப்பீட்டில் வர வழியே இல்லை. அது நடக்கும்போது மாணவர் விரிவுரை மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார். பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சி பெறுகிறவர் நிலைமை வேறு. சோதனை இயந்திரத்தின் ஒரு அமைப்பை மாற்றலாம் என்று அவர் சொன்னால், அடுத்த சில ஷிப்டுகளில் யீல்டு (தேறிவரும் பொருள்களின் விகிதம்) ஏறியதா இறங்கியதா என்று லைனே சொல்லிவிடும். அவர் சொன்னது அபத்தம் என்றால் அதையும் சொல்லும், அதுவும் எல்லோர் முன்னிலையிலும்.

இந்த வேறுபாடு அற்பமானதல்ல என்பதற்கு உளவியலில் ஓர் ஆதாரம் உண்டு. நிபுணரின் உள்ளுணர்வை நம்பலாமா கூடாதா என்பதில் டேனியல் கானமனும் கேரி கிளைனும் நேரெதிர் முகாம்களில் இருந்தவர்கள். ஒருவர் நிபுணர்களின் தவறுகளை ஆராய்ந்தவர். மற்றவர் தீயணைப்புப் படைத் தலைவர்கள் போன்றோரின் திறமையை ஆராய்ந்தவர். இருவரும் சேர்ந்து 2009ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சண்டை போட உட்கார்ந்து, பெரும்பாலும் ஒத்துப்போய்விட்டதாக அவர்களே அதில் சொன்னார்கள். உண்மையான நிபுணத்துவம் வளர இரண்டு நிபந்தனைகள் வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. செயல்படும் களம் ஓரளவு ஒழுங்குள்ளதாக இருக்க வேண்டும். தன் தீர்ப்பின் விளைவை மீண்டும் மீண்டும் பார்க்கும் வாய்ப்பு இருக்க வேண்டும். இரண்டாவது இல்லாவிட்டால் வளர்வது திறமை அல்ல, தன்னம்பிக்கை மட்டுமே. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அந்த நிபுணருக்கே அப்படித்தான் தெரியும் என்பதுதான் ஆபத்து. மருந்துச் சீட்டு எழுதியதும் நோயாளியை மறுபடி பார்க்காத மருத்துவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் பயன் என்ன?

ஆலோசனையால் பயனே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு மாறான வலுவான சான்று இந்தியாவிலிருந்தே இருக்கிறது. பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் அவருடைய கூட்டாளிகளும் மும்பைக்கு அருகிலுள்ள நெசவாலைகளில் நடத்திய சோதனை 2013ல் வெளியானது. ஓர் அனைத்துலக ஆலோசனை நிறுவனத்தை இலவசமாக அனுப்பினார்கள். எல்லா ஆலைகளிலும் முதல் ஒரு மாதம் ஆய்வு: எங்கே நூல் வீணாகிறது, எங்கே கணக்கு வைக்கவில்லை, எங்கே இயந்திரத்தைப் பராமரிக்கவில்லை என்று கண்டறிந்து பட்டியல் கொடுத்தார்கள். ஆறு ஆலைகளுக்கு அதோடு சரி. மற்ற பதினான்கு ஆலைகளில் ஆலோசகர்கள் மேலும் நான்கு மாதம் தங்கி, பட்டியலில் உள்ளதைச் செய்துகாட்ட உதவினார்கள். முப்பத்தெட்டு நிர்வாக நடைமுறைகளை ஆராய்ச்சியாளர்கள் எண்ணி வந்தார்கள். தங்கி உதவிய ஆலைகளில் அவற்றின் பயன்பாடு ஏறக்குறைய 38 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடியது. அறிக்கையோடு நின்ற ஆலைகளில் 12 மட்டுமே. தங்கி உதவிய ஆலைகளின் உற்பத்தித்திறன் முதல் ஆண்டிலேயே, அறிக்கையோடு நின்றவற்றைவிட 17 விழுக்காடு உயர்ந்தது. இரண்டு வகை ஆலைகளுக்கும் கிடைத்த ஆய்வு ஒன்றேதான். ஆய்வு எழுதிய பிறகு யார் தரையில் நின்றார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

கதை அங்கே முடியவில்லை. இதற்காகவே அந்த ஆராய்ச்சியாளர்களை நான் மதிக்கிறேன். 2017ல் அவர்கள் அதே ஆலைகளுக்குத் திரும்பிப் போனார்கள். அதுபற்றிய கட்டுரை 2020ல் வந்தது. கற்றுக்கொடுத்த நடைமுறைகளில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மேலாளர் மாறிப் போனது ஒரு காரணம், முதலாளிக்கு நேரம் இல்லாமல் போனது இன்னொன்று. ஆனாலும் உதவி பெற்ற ஆலைகள் மற்றவற்றைவிட முன்னேதான் இருந்தன. எது நிலைத்தது, எது உதிர்ந்தது, ஏன் உதிர்ந்தது என்ற இந்த அறிவுதான் ஆலோசனைத் தொழிலின் விலையுயர்ந்த சரக்கு. இது எந்த ஸ்லைடிலும் கிடைக்காது. திரும்பிப் போனவருக்குத்தான் கிடைக்கும். ஆலோசனைப் பயிற்சிக்குப் போகும் நம் மாணவர் பெறுவது முதல் மாதத்தின் பாடம். அடுத்த நான்கு மாதப் பாடமும் பல ஆண்டு கழித்து வரும் பாடமும் அவருக்கு இல்லை.

மும்பை வரை போகவும் தேவையில்லை. ஆலோசனை அறிக்கைகளால் செதுக்கப்பட்ட மாநிலம் பினாங்கு. 1964ல் கொழும்புத் திட்டத்தின் கீழ் வந்த மன்ரோ குழு ஓர் அறிக்கை தந்தது. இறக்குமதியாகும் பொருள்களை உள்நாட்டிலேயே செய்து உள்நாட்டிலேயே விற்கலாம் என்பது அக்காலத்தின் பொதுக் கருத்து, அறிக்கையும் அதை ஒட்டியே அமைந்தது. மாக் மண்டினிலும் பிறையிலும் தொழிற்பேட்டைகள் வந்தன. ஆனால் உள்நாட்டுச் சந்தை சிறியது. வேலை தேடும் கைகளோ ஆண்டுதோறும் பெருகின. 1969ல் ஜோர்ஜ் டவுன் தன் தடையற்ற துறைமுகத் தகுதியையும் இழந்துவிட்டது. வேலையின்மை 15 விழுக்காட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் கைக்கு, 1970ல், இரண்டாவது அறிக்கை வந்தது. எழுதியது வாஷிங்டனைச் சேர்ந்த ராபர்ட் நேதன் நிறுவனம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் போர் உற்பத்தித் திட்டத்தில் பெரும்பங்கு வகித்த பொருளியலாளர் நேதன். உள்நாட்டுச் சந்தையை நம்பாதீர்கள், உலகச் சந்தைக்குச் செய்து விற்கும் தொழில்களைக் கொண்டு வாருங்கள் என்பது அந்த அறிக்கையின் சாரம். ஆறே ஆண்டு இடைவெளியில், ஒரே மாநிலத்துக்கு, மெத்தப் படித்த இரு குழுக்கள் வெவ்வேறு திசை காட்டியிருக்கின்றன. முதல் குழு முட்டாள்கள் என்று இதற்குப் பொருளில்லை. முதல் பாதையில் நடந்து பார்த்த விளைவு கண்ணெதிரே இருந்ததால்தான் இரண்டாவது குழுவால் வேறு பாதையைச் சொல்ல முடிந்தது.

நேதன் அறிக்கையைப் பற்றிப் பினாங்கில் பேசுகிறவர்கள் அதை ஒரு மந்திரக்கோல் போலப் பேசுவதுண்டு. அறிக்கைக்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் மந்திரம் எதுவும் தெரியவில்லை, வேர்வைதான் தெரிகிறது. 1969 நவம்பரில் அமைக்கப்பட்ட பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நடத்தியவர் செட் சிங். பாயான் லெப்பாசின் வயல்களை வாங்கி, மேடாக்கி, சாலை போட்டு, மின்சாரம் கொண்டு வந்தது அந்தக் கழகம். உள்ளூர்ப் பெண்களால் மின்னணுப் பாகங்களைப் பொருத்த முடியும் என்று வெளிநாட்டுக்காரருக்குக் காட்ட, பினாங்கு எலக்ட்ரானிக்ஸ் என்ற சிறு தொழிற்சாலையைத் தானே தொடங்கியது. பிறகு முதலமைச்சரும் அதிகாரிகளும் அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் போய் நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். 1972ல் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்தது. இண்டெல், ஏஎம்டி, எச்பி, ஹிட்டாச்சி, போஷ் முதலிய எட்டு நிறுவனங்கள் முதலில் வந்தன. அவற்றை இன்றும் 'எட்டு சாமுராய்' என்று ஊரில் சொல்கிறார்கள். 1975ல் இண்டெல் தொழிற்சாலை எரிந்து சாம்பலானபோது என்ன செய்வது என்று எந்த அறிக்கையும் சொல்லியிருக்கவில்லை. கம்பத்திலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் மூன்று ஷிப்டில் வேலைக்கு வரும்போது அவர்களுக்குப் பேருந்து எங்கே, தங்க இடம் எங்கே, அவர்களைப் பற்றி ஊர் பேசும் கேவலப் பேச்சுக்குப் பதில் என்ன என்ற கேள்விகளையெல்லாம் தரையில் நின்றவர்கள்தாம் சந்தித்தார்கள். நேதன் நிறுவனத்தின் அறிக்கை நல்ல அறிக்கைதான். அதை நல்லதாக்கியது அதற்குப் பின் வந்த இருபது ஆண்டு.

எதிர் உதாரணமும் அருகிலேயே இருக்கிறது. ஹால்குரோ என்ற பிரிட்டிஷ் நிறுவனம் தயாரித்த போக்குவரத்துப் பெருந்திட்டத்தை மாநில அரசு 2013ல் ஏற்றுக்கொண்டது. செலவு மதிப்பீடு 27 பில்லியன் ரிங்கிட். டிராமுக்கும் பேருந்துக்கும் முக்கிய இடம். 2015ல் எஸ்ஆர்எஸ் கூட்டமைப்பு செயலாக்கத்துக்கு வந்ததும் திட்டம் எல்ஆர்டி எனும் இலகு ரயில் பக்கம் திரும்பி 46 பில்லியனாக வளர்ந்தது. பினாங்கு ஃபோரம் அமைப்பினர் ஆண்டுக்கணக்கில் எதிர்த்தார்கள். எது சரி என்ற வழக்கு இங்கே வேண்டாம். ஹால்குரோவின் ஒரு வரைபடத்துக்காக இரவெல்லாம் கண்விழித்த இளம் ஊழியர் யாராவது இருந்திருந்தால், தம் வரைபடம் என்ன கதியானது என்பதையும் அதற்கான காரணத்தையும் அவருக்கு யாராவது சொல்லியிருப்பார்களா என்பதே என் சந்தேகம்.

இப்போது பத்து காவானையே எடுத்துக்கொள்வோம். கரும்புக்காக நம் முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு வரப்பட்ட மண் இது. பிறகு ரப்பரும் செம்பனையும் வந்தன. 1990களில் மேம்பாட்டுக் கழகம் இங்கே புது நகரம் திட்டமிட்டது. 40,000 பேர் உட்காரும் அரங்கம் 2000ல் எழுந்தது. சுற்றிலும் அதிகம் எதுவும் எழவில்லை. 2005ல் ஒரு பயிற்சி மாணவரை இங்கே அனுப்பி மதிப்பீடு கேட்டிருந்தால், திட்டம் தோல்வி என்று எழுதியிருப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. 2014 மார்ச் 1ஆம் தேதி தீவின் பத்து மாவுங்கிலிருந்து இங்கே வரும் இரண்டாவது பினாங்குப் பாலம் திறந்தது, நீளம் 24 கிலோமீட்டர். 2019ல் ஐக்கியா வந்தது, 2021ல் லாம் ரிசர்ச் தன் மிகப் பெரிய உற்பத்திக் கூடத்தைத் திறந்தது, 2023ல் போஷும் மைக்ரானும் புதிய கூடங்களைத் திறந்தன. இன்று அதே மதிப்பீட்டைக் கேட்டால் மாபெரும் வெற்றி என்று பதில் வரும். அந்தப் பதிலையும் நான் முழுசாக நம்பமாட்டேன். தோட்டத்து வீடுகளில் இருந்தவர்கள் எங்கே போனார்கள், அவர்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கிளீன் ரூமுக்குள் பொறியியலாளராக நுழைந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்காத மதிப்பீடு அரைகுறைதான்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். விளைவு தெரிய இருபது ஆண்டு ஆகும் என்றால், பத்து வாரப் பயிற்சியில் அதைக் கேட்பது அநியாயம் அல்லவா? தாம் செய்த வேலையின் விளைவை மாணவர் பத்து வாரத்தில் பார்க்க முடியாதுதான். மற்றவர் முன்பு செய்த வேலையின் விளைவைப் பார்க்க முடியும். ஒவ்வொரு ஆலோசனை நிறுவனத்திடமும் மூன்றாண்டு, ஐந்தாண்டு, பத்தாண்டு பழைய திட்டங்கள் கிடக்கின்றன. பத்து வாரத்தில் இரண்டு வாரத்தை ஒதுக்கி, மாணவரைப் பழைய வாடிக்கையாளர் ஒருவரின் ஆலைக்கோ கடைக்கோ அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். அன்று சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தரையில் இருப்பவர்களிடம் கேட்டு எழுதி வரட்டும். நெசவாலைகளுக்குத் திரும்பிப் போன ஆராய்ச்சியாளர்கள் செய்ததும் இதுதான்.

வாடிக்கையாளர் ரகசியம் என்று நிறுவனங்கள் சொல்லும். அதில் பாதி உண்மை, பாதி சௌகரியம். ரகசியம் காப்பதாக உறுதி எழுதிக் கொடுத்துத்தான் மாணவர் உள்ளேயே நுழைகிறார். நடக்கும் திட்டத்தின் கணக்குகளைப் பார்க்கத் தகுதியுள்ளவர் முடிந்த திட்டத்தைப் பார்க்கத் தகுதியற்றவர் ஆகிவிடுவாரா? அப்படியும் தயங்குகிறவர்களுக்குப் பொது அறிக்கைகள் இருக்கின்றன. மக்கள் பணத்தில் எழுதப்பட்ட போக்குவரத்துத் திட்டங்கள், நகரத் திட்டங்கள், தொழிற்பேட்டைத் திட்டங்கள் பினாங்கில் அடுக்கடுக்காக உள்ளன. மாநில அரசின் ஆய்வு நிலையமான பினாங்கு இன்ஸ்டிட்யூட்டும் செபராங் பிறை மாநகர் மன்றமும் மனம் வைத்தால், ஆண்டுக்குப் பத்து மாணவரையாவது இந்த வேலைக்கு எடுக்கலாம். இதைக் கேட்க நமக்கு உரிமையும் இருக்கிறது. அரசு நிறுவனமான டேலண்ட்கார்ப்பின் முறைப்படுத்தப்பட்ட பயிற்சித் திட்டத்தில் சேர்ந்த நிறுவனங்கள் பயிற்சிச் செலவுக்கு இரட்டை வரிக் கழிவு பெற்று வந்திருக்கின்றன. வரிக் கழிவு என்பது மக்கள் பணம். பொறியியல் பட்டத்துக்குக் குறைந்தது எட்டு வாரத் தொழிற்பயிற்சி வேண்டும் என்று அங்கீகார மன்றம் விதித்திருக்கிறது. வாரத்தை எண்ணத் தெரிந்தவர்களுக்கு அந்த வாரங்களில் என்ன நடந்தது என்று கேட்கவும் தெரிய வேண்டும். இப்போது நடப்பது என்ன? மாணவர் லாக் புத்தகத்தை நிரப்புகிறார், விரிவுரையாளர் ஒருமுறை வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்.

ஆலோசனைத் தொழில் பல துறைகளைக் காட்டுகிறது, அந்த அகலமே பெரிய படிப்பு என்பது இன்னொரு வாதம். இருபது ஆண்டு அதில் இருந்தவருக்கு அது பொருந்தும். வங்கியில் கண்டதை மருத்துவமனையில் பொருத்திப் பார்க்கும் கண் அவருக்கு வந்திருக்கும். பத்து வாரத்தில் ஒரே திட்டத்தின் ஒரே மூலையைப் பார்த்தவருக்கு அகலமும் இல்லை, ஆழமும் இல்லை. பெயருக்காகத்தானே போகிறார்கள், விண்ணப்பப் படிவத்தில் அந்தப் பெயர் இருந்தால் வேலை கிடைக்கிறது, அதில் என்ன தப்பு என்றும் கேட்கலாம். தப்பே இல்லை. வெளிப்படையாகப் பேசுகிற இந்த வாதத்தை மற்றவற்றைவிட நான் அதிகம் மதிக்கிறேன். ஆனால் அதைச் சொல்கிறவர் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: அப்போது அது பயிற்சி இல்லை, சான்று. சான்றுக்குக் கிரெடிட் எதற்கு?

இவற்றையெல்லாம்விடக் கனமான ஆட்சேபணை ஒன்று நம் சமூகத்துக்குள்ளிருந்தே வரும். பாட்டன் தோட்டத்தில் வெயிலில் நின்றார். அம்மா தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் நின்றார். பேரப்பிள்ளை குளிர்சாதன அறையில் உட்கார்ந்து முதலாளிகளுக்கே யோசனை சொல்லும் இடத்துக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. அந்தக் கதவில் நுழையும் தமிழ்ப் பிள்ளைகளே விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். அவர்களைப் பார்த்து மறுபடியும் 'தரைக்குப் போ' என்று சொல்வது யாருக்கு லாபம்? இந்தக் கேள்வியில் உள்ள வலியை நான் மறுக்கவில்லை. தரையில் நிற்பது தண்டனையாக இருந்த இரண்டு தலைமுறை நமக்கு இருக்கிறது. ஆனால் அந்தத் தண்டனையின் சாரம் உடல் உழைப்பு மட்டும் அன்று. தரையில் நின்றவரிடம் யாரும் யோசனை கேட்கவில்லை என்பதும் அதன் சாரம். மரத்தில் பால் ஏன் குறைகிறது என்று வெட்டுகிறவருக்குத் தெரியும். எந்த இயந்திரம் எந்த நேரத்தில் மக்கர் செய்யும் என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அவர்களைத் தாண்டிப் போய் யாரோ எழுதிய அறிக்கைகளின்படிதான் அவர்கள் வாழ்க்கை மாறியது. அந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைக்கு மற்ற மாணவர்களிடம் இல்லாத ஒரு பலம் உண்டு: தரையில் இருப்பவர் பேச்சை அவர் மொழியிலேயே கேட்கத் தெரியும். ஆலோசகராகப் போகிற பிள்ளை அந்தப் பலத்தைப் பேருந்து நிலையத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமென்று யார் சொன்னது? கதவை மூடச் சொல்லவில்லை. உள்ளே போனவர் அங்கிருந்து ஆலைக்கும் கடைக்கும் போய்வரும் உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும் என்கிறேன்.

இதை இப்போதே செய்ய வேண்டியதற்குக் காரணமும் இருக்கிறது. கணக்கைச் சுத்தம் செய்வது, பழைய அறிக்கைகளைத் தேடுவது, சுருக்கி எழுதுவது, ஸ்லைடு போடுவது என்று இதுவரை பயிற்சி மாணவர் கையில் இருந்த வேலைகளைத்தான் செயற்கை நுண்ணறிவு முதலில் எடுத்துக்கொள்கிறது. மெக்கின்சி 2023லேயே தன் பழைய ஆவணங்களைத் தேடித் தொகுக்க லில்லி என்ற சொந்தக் கருவியைக் கொண்டு வந்துவிட்டது. மேசையில் செய்யும் வேலை இயந்திரத்துக்குப் போனால் மாணவருக்கு மிஞ்சுவது, மேசையை விட்டு எழுந்து போய்ச் செய்யும் வேலை. மேலாளர் இல்லாத நேரத்தில் லைன் லீடர் என்ன சொல்கிறார் என்று கேட்டு வர இன்னும் ஆள்தான் போக வேண்டியிருக்கிறது. மேசையில் மட்டும் பழகி வந்த பட்டதாரியை நிறுவனங்களே இன்னும் எத்தனை காலம் எடுக்கும் என்று தெரியாத நிலையில், அந்த ஒரே பழக்கத்துக்கு நம் பிள்ளைகளின் ஒரு விடுமுறையை முழுசாகக் கொடுப்பது கெட்டிக்காரத்தனமாக எனக்குப் படவில்லை.

ஆகவே, அடுத்த விடுமுறைக்கு ஆலோசனை நிறுவனத்திலிருந்து கடிதம் வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். உங்கள் பழைய திட்டம் ஒன்று நடைமுறையான இடத்துக்கு என்னைச் சில நாள் அனுப்ப முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். முடியாது என்று பதில் வந்தாலும் போய் வாருங்கள். பிறகு உங்கள் துறைத் தலைவரிடம் அந்தப் பதிலைக் காட்டுங்கள். மேலே சொன்ன இரண்டு வாரத்தை விதியாக்கும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. பெற்றோர்களும் சம்பளம் எவ்வளவு என்று கேட்கும்போதே, ஆலையையோ கடையையோ ஒருமுறையாவது நேரில் பார்த்தாயா என்றும் கேளுங்கள்.

அடுத்த வாரம்: மாநில அரசு நிலம் கொடுக்க, தொழிற்சாலைகள் பணம் போட, 1989ல் தொடங்கிய பினாங்கு திறன் மேம்பாட்டு மையம்.